கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகச் சேமிக்கிறீர்களா? முதலில் தேதியையும் கையெழுத்தையும் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் இர்விங்கில் இருக்கிறோம். நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். கணவர் எச்-4 ஈஏடியில் (துணைவர் விசாவில் இருப்பவருக்குத் தரும் வேலை அனுமதி அட்டை) வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர். எனக்கு சான் ஹோசேயில் வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரி கடைசியில் சேரச் சொல்கிறார்கள். இடம் மாற 15,000 டாலர் தருகிறார்கள். ஆனால் 36 மாதத்துக்குள் எந்தக் காரணத்துக்காக வேலை போனாலும் முழுத் தொகையையும் 10 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள். இங்கே அபார்ட்மென்ட் லீஸில் இன்னும் 7 மாதம் பாக்கி. மாத வாடகை 1,900. காலி செய்தால் மொத்தம் 14,915 டாலர் கட்ட வேண்டும் என்கிறது லீசிங் ஆபீஸ். ஃப்ரீமான்டில் 3,600 டாலர் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். முதல் மாதம், கடைசி மாதம், அதோடு இரண்டு மாத டெபாசிட் என்று 14,400 கேட்கிறார்கள். டெக்சாஸில் விலை குறைவு என்பதால் போகும் முன் புதுக் கார் ஒன்று வாங்கவும் எண்ணம். எல்லாம் சேர்த்தால் 45,000 டாலர் ஆகிறது. முதல் மூன்று மாதம் இங்கிருந்தே வேலை பார்த்து மிச்சம் பிடிக்கலாமா? மார்ச் 15 அன்று பழைய கம்பெனியில் 22,000 டாலர் போனஸ் வர வேண்டும். அதற்கும் கலிஃபோர்னியா வரி கேட்குமா?

பதில்: சகோதரி, இவ்வளவு விவரமாகக் கணக்குப் போட்டு எழுதியதற்கு நன்றி. உங்கள் 45,000 டாலரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், நீங்கள் கொடுக்கத் தேவையில்லாமல் போகக்கூடிய பணம். அதைச் சேர்ப்பதற்காக மாதக்கணக்கில் வயிற்றைக் கட்ட வேண்டாம்.

அவசரமானது கையெழுத்து. அந்த 36 மாத நிபந்தனையை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டு என்று தொழிலாளியைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களை கலிஃபோர்னியா ஏபி 692 என்ற சட்டத்தால் தடுத்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தும். வேலையில் சேரும்போது தரும் போனஸ் போன்ற தொகைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உங்கள் இடமாற்றத் தொகையையும் கம்பெனி அதற்குள்தான் கொண்டுவரப் பார்க்கும். சரி, கொண்டுவரட்டும். ஆனால் அந்த விதிவிலக்குக்குக் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன. வேலை ஒப்பந்தத்திலிருந்து தனியான பத்திரமாக இருக்க வேண்டும். வக்கீலிடம் காட்டலாம் என்று உங்களுக்குச் சொல்லி, குறைந்தது 5 வேலை நாள் அவகாசம் தர வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூடிய காலம் இரண்டு வருடத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ப திருப்பித் தரும் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். வட்டி கூடவே கூடாது. முக்கியமாக, நீங்களாக விலகினாலோ தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டாலோதான் கேட்க முடியும். லேஆஃப் செய்துவிட்டுக் கேட்க முடியாது. பணத்தை இப்போது வாங்காமல் அந்தக் காலம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பையும் தர வேண்டும்.

உங்களுக்கு வந்திருக்கும் பத்திரம் இவற்றில் பலவற்றை மீறுகிறது. மீறும் முதலாளி, உண்மையான நஷ்டம் அல்லது 5,000 டாலர், இரண்டில் எது அதிகமோ அதைத் தர நேரிடும். ஆகவே வெள்ளிக்கிழமைக் கெடுவுக்குப் பயப்படாமல் இன்றே எச்ஆருக்கு மெயில் போடுங்கள்: “இந்த நிபந்தனையை ஏபி 692-க்கு ஏற்றபடி திருத்தி அனுப்புங்கள், எனக்கு 5 வேலை நாள் வேண்டும்.” இப்படிக் கேட்பதால் வேலை போய்விடும் என்று நம்மவர்கள் நிறையப் பேர் நடுங்குகிறார்கள். பெரும்பாலும் கம்பெனி வக்கீலுக்கு அது ஒரு சின்ன வேலை, பழைய படிவத்தை மாற்ற மறந்திருப்பார்கள்.

இன்னொன்று. அந்த 15,000-ஐ முழுசாகக் கணக்கில் எழுதாதீர்கள். மத்திய வரிச் சட்டத்தில் 2018-லிருந்து குடிபெயர்வுச் செலவுக்குக் கழிவு கிடையாது. கம்பெனி தரும் பணம் சம்பளமாகவே எண்ணப்படும். 22 சதவீதம் மத்தியப் பிடித்தம், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், கலிஃபோர்னியா பிடித்தம் எல்லாம் போனால் கைக்கு வருவது 9,000 டாலரை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் கலிஃபோர்னியா தன் மாநில வரியில் குடிபெயர்வுச் செலவுக்குக் கழிவு தருவதை நிறுத்தவில்லை. எஃப்டிபி 3913 என்ற படிவம். லாரி, பொருட்களை வைக்கும் கிடங்கு, வழிப்பயண ரசீதுகளை எல்லாம் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

அடுத்தது சேரும் தேதி. பிப்ரவரி கடைசியில் சேர்ந்தால் மார்ச் 15 போனஸே கைவிட்டுப் போகலாம். பணம் தரும் நாளில் வேலையில் இருந்தால்தான் போனஸ் என்று பல கம்பெனிகளின் விதி சொல்லும். உங்கள் பழைய கம்பெனி விதியை எடுத்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் வாரம் சேர்கிறேன் என்று கேட்பதில் தவறே இல்லை. வரியைப் பொறுத்தவரை, டெக்சாஸ்வாசியாக இருந்து, டெக்சாஸில் செய்த வேலைக்கு, கலிஃபோர்னியாவில் குடியேறும் முன் கைக்கு வந்த போனஸைக் கலிஃபோர்னியா தொடாது. அதே பணம் குடியேறிய பிறகு வந்தால், எங்கே உழைத்துச் சம்பாதித்தது என்று பார்க்காமல் வரி கேட்கும். நீங்கள் இருவரும் சம்பாதிக்கும் அளவுக்கு 9.3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2,000 டாலருக்கு மேல். ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்: அந்த வருடக் கணக்கில் உங்கள் மொத்த வருமானத்தையும் பார்த்துத்தான் கலிஃபோர்னியாப் பகுதிக்கு எந்த விகிதம் என்று தீர்மானிப்பார்கள். போனஸுக்கு நேரடியாக வரி இல்லை என்றாலும் விகிதத்தில் அதன் நிழல் விழும்.

மூன்று மாதம் இர்விங்கிலிருந்தே வேலை பார்க்கும் யோசனை நல்லதுதான், ஆனால் கம்பெனியோடு வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளாதீர்கள். எச்-1பி விண்ணப்பத்தோடு போகும் எல்சிஏ என்ற தொழிலாளர் துறைப் படிவத்தில் நீங்கள் உண்மையில் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் இருக்க வேண்டும். சான் ஹோசே மட்டும் எழுதியிருந்து நீங்கள் இர்விங் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால், மிச்சம் பிடிக்கப் போய் விசாவில் சிக்கல் வரும். உங்கள் வீட்டு விலாசத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் டெக்சாஸில் உட்கார்ந்து செய்த நாட்களின் சம்பளத்துக்குக் கலிஃபோர்னியா வரி கிடையாது. சான் ஹோசே ஆபீஸுக்குப் போய் வேலை செய்த நாட்களுக்கு உண்டு. நாட்காட்டியில் குறித்து வையுங்கள், பேரோலில் தவறாகப் பிடித்தாலும் பேச ஆதாரம் இருக்கும்.

இப்போது லீஸ். 14,915 என்ற எண் எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். 7 மாத வாடகை 13,300, அதற்கு மேல் 1,615. இந்த 1,615 ஒரு மாத வாடகையில் 85 சதவீதம். டெக்சாஸ் அபார்ட்மென்ட் லீஸ்களில் வழக்கமாக வரும் ரீலெட்டிங் கட்டணம் (வீட்டுக்கு வேறு ஆள் வைக்கும் செலவுக்காக). அதை மறுப்பது கஷ்டம். ஆனால் 7 மாத வாடகையை முன்கூட்டியே மொத்தமாகக் கேட்பது வேறு. டெக்சாஸ் சொத்துச் சட்டம் 91.006-ன்படி, குத்தகைதாரர் காலம் முடியும் முன் போய்விட்டால், நஷ்டத்தைக் குறைக்க முயற்சி செய்வது உரிமையாளரின் கடமை. அதாவது வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு உங்களிடம் வாடகை வசூலிக்க முடியாது, வேறு ஆள் வைக்கப் பார்க்க வேண்டும். இந்தக் கடமை கிடையாது என்று லீஸில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. இரண்டு மாதத்தில் ஆள் வந்துவிட்டால் உங்கள் பொறுப்பு 3,800-ம் அந்த 1,615-ம், ஆக 5,415 டாலர்.

ஆகவே அமைதியாக, ஆனால் எழுத்தில் செய்யுங்கள். காலி செய்யும் தேதியைச் சொல்லி நோட்டீஸ் கொடுங்கள். வீட்டை விளம்பரம் செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே ஒருவரைத் தேடி அனுப்புங்கள், இர்விங்கில் நம் ஆட்களிடம் சொன்னால் போதும். அந்த ஆபீஸ் தன் வெப்சைட்டில் காலி வீடுகளைக் காட்டும் பக்கத்தை வாரா வாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டு எண் அதில் வரவே இல்லையென்றால் அதுவே உங்கள் சாட்சி. லீஸின் பின்பக்கம் இருக்கும் இணைப்புகளையும் படியுங்கள். ‘பைஅவுட்’ (ஒரு தொகையைக் கட்டி லீஸை முடித்துக்கொள்ளும் வழி) என்று ஒன்று இருந்து அது 5,415-க்குக் குறைவாக வந்தால், அதைக் கட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம். ஆரம்பத்தில் ஒரு மாதம் இலவசம் என்று கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்கும் பத்திரமும் அங்கேதான் இருக்கும். புது விலாசத்தை எழுத்தில் கொடுத்தால்தான் டெபாசிட்டை 30 நாளில் திருப்பும் கெடு அவர்களைக் கட்டுப்படுத்தும், மறந்துவிடாதீர்கள்.

ஃப்ரீமான்ட் வீட்டுக்கு 14,400 கேட்பது சட்டப்படி செல்லாது. 2024 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது. ‘கடைசி மாத வாடகை’ என்று வேறு பெயரில் வாங்கினாலும் அது டெபாசிட்தான். உரிமையாளர் தனிநபராக (அல்லது தனிநபர்கள் மட்டுமே சேர்ந்து நடத்தும் எல்எல்சி நிறுவனமாக) இருந்து, அவருக்கு அதிகபட்சம் இரண்டு வாடகைச் சொத்துகள், மொத்தம் நான்கு வீடுகளுக்குள் என்றால் மட்டும் இரண்டு மாதம் வாங்கலாம். முதல் மாத வாடகையோடு சேர்த்து நீங்கள் கொடுக்க வேண்டியது 7,200. அந்த விதிவிலக்குக்குள் வந்தால் 10,800. எத்தனை சொத்து இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கார் யோசனையை விட்டுவிடுங்கள். 7,500 மைலுக்குக் குறைவாக ஓடிய, கலிஃபோர்னியா புகை விதிக்குச் சான்று பெறாத காரைக் கலிஃபோர்னியாவாசிகள் அங்கே பதிவு செய்ய முடியாது (ஹூட்டைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் பார்க்கலாம்); குடியேறும் முன் டெக்சாஸ்வாசியாக வாங்கி அங்கே பதிவு செய்த காருக்கு இதில் விலக்கு உண்டு. ஆனாலும் வாங்கி 12 மாதத்துக்குள் கொண்டுபோனால் பெரும்பாலும் டெக்சாஸில் கட்டிய வரிக்கும் அங்குள்ள வரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். மிச்சம் ஒன்றும் இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்று. ஊரில் வீட்டு வாடகையோ, என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியரின் இந்திய வங்கிக் கணக்கு) வட்டியோ வந்தால், இந்தியாவில் கட்டிய வரிக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் டாக்ஸ் கிரெடிட்டைக் கலிஃபோர்னியா தராது. அந்த வரியையும் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணவரின் ஈஏடி எப்போது முடிகிறது என்று எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குத் தானாக நீட்டிப்பு கிடைப்பதில்லை. அட்டை முடிந்து புதியது வரவில்லையென்றால் அவர் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும். முடிவதற்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அந்த முதல் நாளிலேயே போடுங்கள். வீடு மாறிய 10 நாளுக்குள், உங்கள் வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத எல்லோருக்கும் ஏஆர்-11 என்ற விலாச மாற்றப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அட்டை இர்விங் வீட்டுக்குப் போய் நிற்கும். அவர் அட்டை இந்த வருடமே முடிகிறது என்றால், உங்கள் ஒரு சம்பளத்தில் நான்கைந்து மாதம் 3,600 வாடகை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் புது அட்டை கைக்கு வரும் வரை அந்த வீட்டை எடுக்காதீர்கள், சின்ன வீடாகப் பாருங்கள்.