தாகமல்ல, ஒழுக்கு

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு மாதங்களாக எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். உதடு வெடிக்கிறது, கண் எரிகிறது, பெல்ட்டில் இரண்டு துளை இறுக்கமாகப் போட வேண்டியிருக்கிறது. மூளையில் கட்டி இருந்தால் இப்படி ஆகும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எனக்கு அது இருக்காது என்று நினைக்கிறேன். மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீரை நிறுத்திப் பார்க்கிறேன். பழைய காரின் ரேடியேட்டரைப் போல என் உடம்பும் சூடாகிறதா?

பதில்: தண்ணீரை நிறுத்தும் அந்தச் சுயவைத்தியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நிறையக் குடிப்பதால்தான் நிறையச் சிறுநீர் போகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் அது தலைகீழாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, வடிகட்டிய சர்க்கரை முழுவதையும் சிறுநீரகத்தால் திரும்ப உறிஞ்ச முடியாமல் போய், சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. ரத்தத்தின் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து தாகத்தை எழுப்பிவிடும். இழந்ததை ஈடுகட்டத்தான் குடிக்கிறீர்கள். குடிப்பதை நிறுத்தினால் இழப்பு நிற்காது, உடல்தான் வறண்டுபோகும்.

ரேடியேட்டர் உவமையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். தினமும் தண்ணீர் கேட்கும் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், ஊற்றிவிட்டு அனுப்பிவிடுவதில்லை. எஞ்சின் ஆறியபின் குனிந்து, ஹோஸ் முனையில் ஈரம் தட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். பதவித் தாகமும் புகழ்த் தாகமும் தணியாவிட்டால் யாரும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை. உடலின் தாகம் இரண்டு மாதம் தணியாவிட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மூளைக் கட்டிக்காகத் தூக்கத்தைத் தொலைத்த நீங்கள், அப்பாவின் சர்க்கரையை ஒரே வரியில் மூடிவிட்டீர்கள். பயம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. போகிறபோக்கில் எழுதிய பெல்ட்தான் உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி: முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைவது, அடங்காத தாகத்தோடும் இரவில் பலமுறை சிறுநீர் போவதோடும் சேர்ந்து வந்தால், முதலில் நீரிழிவைத்தான் தேட வேண்டும். ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்குமேல் இருந்தாலோ, இத்தகைய அறிகுறிகளோடு எந்நேரத்திலும் 200 அல்லது அதற்குமேல் இருந்தாலோ அது நீரிழிவுதான். சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். இதற்கிடையில் வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, அரைமயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

உதட்டு வெடிப்பும் கண் எரிச்சலும் பெரிய விஷயமல்ல. சர்க்கரை இயல்பாக இருந்தால் சோடியம், கால்சியம், சிறுநீரின் அடர்த்தி ஆகியவற்றைப் பார்ப்போம். மிக அரிதான மூளைக் காரணங்கள் அதற்கும் அப்பால்தான் வரும்.

தாகத்துக்குப் பழச்சாறும் குளிர்பானமும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். நாளைக் காலை சாப்பிடாமல் பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள். வெறும் வயிறு என்றாலும் தண்ணீர் குடித்துவிட்டே போகலாம்.