மாறுகண் அறுவைக்குப் பிறகு குழந்தையின் வலியை வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

டர்பனில் மகனுக்கு மாறுகண் அறுவை முடிந்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இரவில் அழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். பாவம் பிள்ளை. முதல் இரண்டு மூன்று நாள் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துவது வழக்கம்தான். வலி முற்றும்வரை காத்திருக்காமல் பனடோ (பாரசிட்டமால்) சிரப் கொடுங்கள்: 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். அளவை எடை பார்த்துக் கணக்கிடுங்கள், கிலோவுக்கு 15 மி.கி. 12 கிலோ பிள்ளைக்கு 180 மி.கி.; 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி. மருத்துவர் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சில சளி மருந்துகளிலும் பாரசிட்டமால் உண்டு, சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அப்புறம், வலி கூடினாலோ, இமை வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.