பட்டறைப் பக்கம்: கேள்வி – பதில்

கேள்வி: காயில் ஸ்பிரிங், முழு ஆக்ஸில் உள்ள என் டிரக்கின் முன்பக்கத்தை 3 அங்குலம் உயர்த்தினேன். இப்போது வேகமெடுத்தால் ஸ்டீயரிங் அலைகிறது. அட்ஜஸ்டபிள் கன்ட்ரோல் ஆர்மை (ஆக்ஸிலைச் சட்டத்தோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய தண்டு) நானே செய்யலாமா, வாங்கணுமா?

பதில்: டயர் காற்று, பால் ஜாயின்ட் எல்லாம் சரியென்றால், அலைவது பெரும்பாலும் காஸ்டர், அதாவது ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு, குறைந்ததால்தான். உயர்த்தியதும் ஆக்ஸில் லேசாகச் சுழன்றுவிடும். கீழ் ஆர்மை நீட்டினால் காஸ்டர் திரும்பும். ஆனால் அதிகம் நீட்டினால் பினியன் மூக்கு (ஆக்ஸிலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) கீழே சாயும், எஞ்சின் சக்தியைக் கொண்டுவரும் அந்த ஷாஃப்ட் அதிரும். நான் ஒருமுறை பேராசைப்பட்டு நீட்டி, அந்த ஷாஃப்ட்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டைத் தேய்த்துக் கெடுத்தேன்.

செய்வதானால் தடித்த சுவருள்ள குழாய், ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி மரை. அப்போதுதான் கழற்றாமலே திருகி நீளம் மாற்றலாம். மரைத் தண்டு குழாய்க்குள்ளே குறைந்தது தன் விட்டம் அளவாவது இருக்கணும். இருபுறமும் ஹைம் ஜாயின்ட் (ரப்பர் இல்லாத உலோகக் குண்டு மூட்டு) வேண்டாம். சத்தம் போடும், சீக்கிரம் தேயும். ஒரு முனையில் ரப்பர் புஷ் போடுங்கள். வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் அதன் போல்ட்டை இறுக்கணும்.

உங்கள் வெல்டிங் மேல் உங்களுக்கே சந்தேகமா? யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். அறுந்தால் ஆக்ஸிலே இடம் மாறும்.