ஈயக்குட்டையில் காயாக் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

மலேசியாவில் பத்து காஜா பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நான்கு பேர். பழைய காயாக் மூன்று வாங்கியிருக்கிறோம், மேலே உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் வகைப் படகு, பத்தடி நீளம். வேலை முடிந்து மாலை 5.30 மணிக்குச் செம்பனைக்குப் பின்னால் இருக்கும் பழைய ஈயக்குட்டையில், அதாவது வெள்ளீயம் தோண்டிய குழியில் நீர் நின்ற குட்டையில், மீன் பிடிக்க இறங்குவோம். போன வாரம் நண்பன் ஒரு தோமானை, விரால் இனத்துப் பெரிய மீனை, தூக்கும்போது காயாக் கவிழ்ந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான், நன்றாக நீந்தவும் தெரியும். ஆனாலும் இருபது நிமிடம் முயன்றும் திரும்ப ஏற முடியவில்லை. இழுத்துக்கொண்டுதான் கரைக்கு வந்தோம். பெட்டி, ரீல், போன் எல்லாம் போய்விட்டன. ஏன் கவிழ்ந்தது? நங்கூரம் போட்டிருந்தால் தப்பித்திருப்போமா? தோமானுக்கு எந்தத் தூண்டில் நரம்பு சரி? அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? தீபாவளி அன்று மாலை எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று இருக்கிறோம்.

– சு.

அன்புள்ள தம்பி,

ஜாக்கெட் போட்டிருந்தார் என்ற வரிக்கு வந்த பிறகுதான் மனம் ஆறியது. அடுத்த முறை போகும்போது தூண்டில்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மாலை முழுவதும் வேண்டுமென்றே கவிழ்ந்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். நால்வரும், நெஞ்சளவு தண்ணீரில், ஆளுக்குப் பத்து முறை. இதைச் செய்யாமல் ஆழத்துக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நரம்பும் தூண்டில் முள்ளும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

முதலில், ஏன் கவிழ்ந்தது என்று பார்ப்போம். பத்தடி காயாக்கின் அகலம் 75 முதல் 80 சென்டிமீட்டர் இருக்கும். இடுப்பு நடுவில் இருக்கும்வரை அது நல்ல நிலைப்புள்ள படகு. மூன்று நான்கு கிலோ தோமானின் எடையால் அது கவிழாது. மீனைப் பார்க்கத் தலை வெளியே போகிறது, தலைக்குப் பின்னால் தோள் போகிறது, அந்த நேரம் பார்த்து மீன் ஒரு உதறு உதறுகிறது. கவிழ்க்கிறது நம் தலைதான். அதனால் ஒரே கட்டுப்பாடு: மூக்கு காயாக்கின் விளிம்பைத் தாண்டக் கூடாது. கை போகலாம், வலை போகலாம், தலை போகக் கூடாது. மீனை இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் வரவழைத்து, அரை மீட்டருக்குக் குறையாத பிடியுள்ள வலையில் ஏந்த வேண்டும். வலதுபக்கம் மீன் என்றால் தூண்டில் கோல் இடது கையில், வலை வலது கையில். அந்த நேரம் இரண்டு கால்களையும் மோட்டார் சைக்கிளில் உட்காருவதுபோல் இரு பக்கமும் தண்ணீரில் தொங்கவிட்டால் ஆட்டம் நன்றாகக் குறைந்துவிடும்.

மீன் காயாக்கின் அடியில் புகுந்து மறுபக்கம் ஓடினால் கோலைத் தூக்கிப் பிடிப்பவர்கள்தான் அதிகம். அதுதான் தவறு. கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, முன்மூக்கைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவர வேண்டும். இதற்காகவே காயாக்கில் ஆறரை முதல் ஏழடிக் கோல் நல்லது. நீளம் குறைந்த கோல் முன்மூக்கைத் தாண்டாது.

பழைய காயாக் என்பதால் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அடிப்பகுதிக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். பின்புறத் தக்கை சரியாகத் திருகப்படாமல் இருந்தாலும், இருக்கைக்குக் கீழே உள்ள வடிதுளைகளின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும். உள்ளே பத்து லிட்டர் தண்ணீர் என்றால் பத்து கிலோ எடை. அது ஓரிடத்தில் நிற்காது. எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கமே ஓடி, சாய்வைக் கவிழ்வாக்கிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. காயாக்கை இரண்டு பழைய டயர்மேல் வைத்து, தக்கைத் துளை வழியாக உள்ளே இருபது லிட்டர் ஊற்றி, முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். எங்கே சொட்டுகிறதோ அங்கே வெடிப்பு. காயாக்கின் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை ஒட்டாது. அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கித்தான் பற்றவைக்க வேண்டும்.

உங்கள் பெட்டியையும் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் உயரமாக அடுக்கிய பெட்டி எடையை மேலே தூக்கிவிடுகிறது. கனமானவை கீழே, காலடியில் இருக்கட்டும். பெட்டியை நான்கு மூலையிலும் கட்ட வேண்டும். போன் பெட்டியில் இருக்கவே கூடாது. நீர் புகாத உறையில் போட்டு ஜாக்கெட்டிலேயே வையுங்கள். கவிழ்ந்த பிறகு அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க வேண்டியவர் தண்ணீரில் இருப்பவராகவும் இருக்கலாம்.

இனி, ஏற முடியாமல் போனதற்கு வருகிறேன். நன்றாக நீந்துபவர்களும் இதில் தோற்றுப்போகிறார்கள். சுவர் ஏறுவதுபோல் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு கையால் இழுக்கப் பார்க்கிறார்கள். கால்கள் காயாக்கின் அடியில் போய்விடுகின்றன, காயாக் அவர்கள்மேலேயே புரள்கிறது. மூன்று முறை இப்படி ஆனால் கை ஓய்ந்துவிடும், நான்காவது முயற்சிக்குத் தெம்பு இருக்காது.

சரியான முறை இது. கவிழ்ந்த காயாக்கின் பக்கவாட்டில், அதன் நடுப்பகுதிக்கு நேராக வாருங்கள். அடிப்புறத்தின் குறுக்கே கை நீட்டி, எதிர்ப்பக்க விளிம்பையோ வடிதுளையையோ பிடித்து, முழங்காலை இந்தப் பக்க விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். பிறகு இருக்கைக்கு நேராக வந்து, இரு கைகளையும் காயாக்கின்மேல் வைத்து, கால்களைப் பின்னால் நீட்டி உதையுங்கள். உடம்பு தண்ணீர் மட்டத்துக்குக் கிடையாக வரும்வரை உதைக்க வேண்டும், ஏற அவசரப்படக் கூடாது. கிடையாக வந்ததும் காயாக்கை உங்கள் வயிற்றுக்கு அடியில் இழுங்கள். முதலில் வயிறு இருக்கைமேல் வரும். பிறகு மெல்லப் புரண்டு புட்டம் இருக்கையில் அமரும். கால்கள் கடைசியில்தான் உள்ளே வர வேண்டும். காலை முதலில் போடுகிறவர்கள் மறுபடி விழுவார்கள்.

நான்கு பேர் போவதன் பயன் இங்கேதான். பக்கத்துக் காயாக்கில் இருப்பவர் இணையாக வந்து, காலியான காயாக் நடுவிலும் விழுந்தவர் அதன் மறுபக்கத்திலும் இருக்கும்படி நிறுத்தி, காலியான காயாக்கின் விளிம்பை இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டால் அது புரளவே புரளாது. ஒருவர் பிடிக்க ஒருவர் ஏற, ஒரு நிமிட வேலை. துடுப்புக்கு மட்டும் ஒரு மீட்டர் கயிறு கட்டுங்கள். எல்லாத் தூண்டிலுக்கும் கயிறு கட்டினால் விழும்போது காலில் சுற்றும். ஜாக்கெட்டின் முன்பையில் முள் டப்பாக்களை அடைத்து வைத்தால் வயிற்றால் ஏற முடியாது. ஜாக்கெட்டைத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை வந்தால் வார் தளர்ந்திருக்கிறது.

நங்கூரம் போட்டிருந்தால் தப்பித்திருப்பீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, நிலைமை இன்னும் மோசமாகியிருக்கலாம். பக்கவாட்டில் கட்டிய நங்கூரம் காயாக்கை அந்தப் பக்கமே அழுத்தும். காற்று கிளம்பினால் அலையும் அந்தப் பக்கமே மோதும். கட்டுவதென்றால் முன்மூக்கிலோ பின்வாலிலோ மட்டும் கட்டுங்கள், இழுத்தால் அவிழும் முடிச்சோடு, கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தியோடு. ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரமும் ஆழத்தைப்போல் மூன்று மடங்கு கயிறும் வேண்டும். ஆனால் ஈயக்குட்டையில் அது பெரும்பாலும் வீண். ஏன் என்பதற்கு அந்தக் குட்டையின் பிறப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊர் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் குட்டைகள் தாமாக உண்டானவை அல்ல. நீர் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, பம்பால் உறிஞ்சி, பாலோங் என்ற நீண்ட மரச் சரிவில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தார்கள். மற்ற இடங்களில் பெரிய மிதவை எந்திரங்கள் தோண்டின. உங்களுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கிறதே, 1938-இல் கட்டி 1982 வரை ஓடியது, அந்த மாதிரி. 1985-இல் ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது. கழிவோடு போன மணல் கனமானதால் பக்கத்திலேயே படிந்தது, நொய்ச் சேறு தூரம்போய்ப் படிந்தது. அதனால் ஒரே குட்டையில் ஒரு கரை வெள்ளை மணலாகவும் மறுகரை தொடைவரை விழுங்கும் சேறாகவும் இருக்கும். விளிம்பிலிருந்து நாலைந்து அடி போவதற்குள் தரை திடீரென்று காணாமல் போகும் இடங்களும் உண்டு.

எனவே மணல் கரையில், அதிலும் சாய்வாக இறங்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். செங்குத்தான மணல்மேட்டின் கீழோ மேலோ நிற்க வேண்டாம். அடியை அலை அரித்திருந்தால் அது சத்தமில்லாமல் சரியும். மணல் அள்ளுகிற லோரி போகும் குட்டையென்றால் அந்தப் பக்கமே வேண்டாம். சேற்றில் விழுந்த நங்கூரம் உறிஞ்சிக்கொண்டு வராது, அதை இழுக்கும்போதுதான் பலர் கவிழ்கிறார்கள். அதற்குப் பதில் சிறிய இழுவைப் பை ஒன்றைப் பின்வாலில் கட்டுங்கள். குடை மாதிரி தண்ணீரில் விரிந்து, காற்று தள்ளும் வேகத்தைக் குறைக்கும். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால் களைத்துத் திரும்பும்போது காற்று உதவும். தோட்ட நிலம் வழியாகப் போவதென்றால் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள். நுழைவாயில் காவலருக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று தெரிந்திருப்பது உங்களுக்குத்தான் நல்லது.

தோமானுக்கு 30 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் அரை மீட்டர் 50 பவுண்டு தடித்த நரம்பு. தோமானின் பல் மெல்லிய நரம்பை அறுத்துவிடும். ரீலின் பிடிமானத்தை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு ஓடவிடாமல் தடுக்கும் இறுக்கத்தை, நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதீர்கள். கரையில் நிற்பவரின் கால் மண்ணில் ஊன்றியிருக்கிறது, உங்களுக்கு ஊன்ற ஒன்றுமில்லை. காயாக்கே ஒரு பிடிமானம்தான், மீன் உங்களை இழுத்துக்கொண்டு போகட்டும், அதிலேயே அது களைக்கும். தோமான் காற்றைக் குடிக்க மேலே வரும். வளையம் தெரிந்ததும் வளையத்தின் நடுவில் எறியாமல், அது போகும் திசையில் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் ரப்பர் தவளையை எறியுங்கள். கவ்விய சத்தம் கேட்டவுடன் இழுக்காமல், நரம்பில் கனம் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும். கொக்கிகளின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். உங்கள் கையில் ஏறினாலும் சுலபமாக வரும்.

தண்ணீர்மேல் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால் அங்கே எறியாதீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. எறிந்தால் கட்டாயம் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அவற்றைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். இந்தக் குட்டைகளில் மாட்டும் பீக்காக் பாஸ் தென் அமெரிக்க மீன். பிடித்ததை வேறு குட்டைக்கு உயிரோடு கொண்டுபோய் விடாதீர்கள்.

இந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஈயத் தாதுவோடு ஆர்சனிக் கலந்த தாதுக்களும் கிடந்தன. அடிச்சேற்றில் தங்கியது மீனில் சேரக்கூடும், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கோ பிள்ளை பெற்றவருக்கோ விரால் வேண்டுமென்றால் சந்தையில் வளர்ப்பு விராலை வாங்கிக் கொடுங்கள். கை கால்களில் புண் இருந்தால் அன்று இறங்காதீர்கள். செம்பனையில் எலி அதிகம், எலி மூத்திரக் காய்ச்சல் தண்ணீர் வழியாகப் பரவும். இறங்கி ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், குட்டையில் இறங்கியதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

நால்வருக்கு மூன்று காயாக் என்பதும் நல்ல ஏற்பாடுதான். ஒருவர் கரையில் நிற்கட்டும், முறை மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருப்பவர்கள் ஒருவர் எறிவது மற்றவரை எட்டாத தூரத்தில், ஆனால் விசில் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு விசில் என்றால் பார், இரண்டு என்றால் கிட்டே வா, மூன்று என்றால் ஆபத்து. நம் பக்கம் சூரியன் ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில் மறையும், அதன் பிறகு இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். ஏழு மணிக்குக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைசி எறி என்று ஒன்று கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது நொடிக்குக் குறைவென்றால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கரையேறி, கோல்களைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும், திறந்த தண்ணீரில் உயரமாக நிற்பதும் அதுதான். தனிமரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனபிறகே திரும்ப இறங்கலாம்.

தீபாவளி மாலை வேண்டாம், தம்பி. அக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கம் இடிமழை பிற்பகலில்தான் கட்டும், மாலை வரை இருக்கும். அன்று வீட்டில் இருங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் இறங்கினால் தண்ணீர் அசையாமல் இருக்கும், பீக்காக் பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால் காலையிலும் நன்றாகக் கடிக்கும். பதினோரு மணிக்குள் கரையேறி, காயாக்கைக் கவிழ்த்து, பின்தக்கையைத் திறந்து வடியவிட்டு, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு முறை அளந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.