தோட்டப்புற வீட்டில் பைபர் இணைய லைன் அடிக்கடி போகிறது. வேறு கம்பெனிக்கு மாறலாமா?

மாறவேண்டாம். இப்போதைக்கு.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீடும் என் வீடு மாதிரிதான் இருக்கவேண்டும். தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு), தகரக் கூரை, கம்பத்திலிருந்து வாசல்வரை தொங்கி வரும் கறுப்புக் கேபிள். பைபர் போட்டுச் சில மாதம்தான் ஆகிறது, மத்தியானம் லைன் போகிறது, இருட்டினால் தானாக வருகிறது. போன் செய்தால் மோடத்தை அடைத்துத் திறக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேறு கம்பெனிக்குப் போகச் சொல்கிறார்.

அவர் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும்? நம் மாதிரி ஊர்களில் பெரும்பாலும் தெருவுக்கு ஒரே பைபர்தான் வருகிறது. ஒருவர் போட்ட கேபிளை மற்றவர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் பெயரில் விற்கிறார்கள். பில்லில் பெயர் மாறும், கம்பமும் கேபிளும் அதேதான். பழைய ஒப்பந்தத்தை 24 மாதத்துக்கு முன்னால் வெட்டினால் அபராதம் கேட்பார்கள். புதியவர் இன்னொரு 24 மாதத்துக்குக் கையெழுத்து வாங்குவார்.

கோலாலம்பூர்க்காரர்கள் இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் பெட்டி வாங்கு, நல்ல ரவுட்டர் வாங்கு. அவர்கள் இருக்கும் கொண்டோவில், அதாவது அடுக்குமாடியில், கேபிள் சுவருக்குள் வருகிறது, அவர்களுக்கு அது சரி. இங்கே அது ரம்புத்தான் கிளையை உரசி, தகர விளிம்பில் மடங்கி, ஜன்னல் ஓட்டை வழியாக வீட்டுக்குள் நுழைகிறது.

நான் பேராக், சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை ஆலையில் வயர்மேன். பைபர் என் தொழில் இல்லை, அதனால் டெலிகாம் படித்த தம்பிகள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்டும் இல்லை. கரண்ட் வேலை பார்ப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, மீட்டர் வைக்காமல் எதையும் நம்பமாட்டான். அந்தப் பழக்கத்தால்தான் என் வீட்டு லைன் இன்று ஓடுகிறது.

லைன் வாங்கியதே பெரிய கதை. இணையத்தில் முகவரி அடித்துப் பார்த்தேன், போடலாம் என்று வந்தது. மனுப் போட்ட பிறகு ஒருவன் கூப்பிட்டு "போர்ட் பெனோ", இடம் இல்லை என்றான். கம்பத்தில் மாட்டியிருந்த பெட்டியில் எட்டு வீட்டுக்குத்தான் இடம், எட்டும் நிறைந்துவிட்டதாம். தெருவில் வேறு யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்டுப் பெயர் எழுதிக் கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதும் தீபாவளி தாண்டித்தான் இன்னொரு பெட்டி வந்தது.

எனக்காவது முகவரி இருந்தது. என் அத்தை இன்னும் லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார். தோட்டத்துப் பெயர், லயத்து நம்பர், அவ்வளவுதான் அவருக்கு முகவரி. படிவத்தில் ஜாலான் (தெரு) பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கே போகமுடியாது. தோட்டம் தனியார் நிலம், உள்ளே ஒரு கம்பம் நடவேண்டுமானாலும் நிர்வாகம் சம்மதிக்கவேண்டும். நிர்வாகத்துக்கு என்ன அவசரம்? தாத்தா இதே மண்ணில் ரப்பர் கன்று நட்டார், அப்பா பால் வெட்டினார், பிறகு அந்த மரங்களையும் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960-ல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். தாத்தா அரைவயிற்றுச் சம்பளத்திலும் அதற்குப் பங்குப் பணம் கட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் அத்தைக்கு ஒரு தெருப் பெயர் இல்லை. வீட்டு மனை தருகிறோம் என்ற பேச்சு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. 2020-ல் பள்ளிக்கூடத்தை மூடி வீட்டிலிருந்து படிக்கச் சொன்னபோது, அவர் பேத்தி தண்ணீர்த் தொட்டி மேட்டில் குடை பிடித்து உட்கார்ந்துதான் வாட்ஸ்ஆப்பில் பாடம் அனுப்பினாள். நாடு முழுக்க இணையத்தை நன்றாக்கும் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்ததும் அதே வருடம்தான். சரி, விடுங்கள். நீங்கள் கேட்டது இது இல்லை.

லைன் போட வந்தவர்கள் கம்பெனி ஆள்கள் இல்லை, கண்டிராக்டரிடம் வேலை பார்க்கும் பையன்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசிக் கூலி வாங்குகிறவன் அடுத்த வீட்டுக்கு ஓடத்தான் பார்ப்பான். கேபிளைத் தகரத்துக்கு அடியில் இழுத்து, ஜன்னல் சட்டத்தில் செங்குத்தாக மடக்கிக் கிளிப் அடித்துவிட்டுப் போனார்கள். முதல் மாதம் நன்றாக ஓடியது. வெயில் காலம் வந்ததும் மத்தியானத்தில் மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பில் மின்ன ஆரம்பித்தது.

இந்த விளக்கை முதலில் பாருங்கள். அது சிவப்பில் மின்னினால், கேபிள் வழியாக மோடத்துக்குப் போதுமான வெளிச்சம் வரவில்லை என்று பொருள். வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாஸ்வேர்டை மாற்றியோ, மோடத்தைப் பத்துமுறை அடைத்துத் திறந்தோ பயனில்லை. இதைச் சேவை மையத்தில் எத்தனையோ முறை சொல்லியும் அவர்கள் கையில் இருந்த தாளையே வாசித்தார்கள். ஒருநாள் ஆளே வராமல் "கேஸ் சிலேசாய்", புகார் தீர்ந்தது என்று குறுஞ்செய்தி வந்தது. இன்னொரு நாள் ஒருவர் வந்து மோடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அவர் வந்தது காலை நேரம், லைன் அப்போது நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் போனில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆள் வரவேண்டும், கேபிளில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டர் கையில் இருக்கவேண்டும். கடைசியில் வயதான மலாய்க்காரர் ஒருவர் வந்தார். "பாங், முதலில் கம்பத்தில் பாருங்கள், பிறகு சுவரில் பாருங்கள்" என்று மலாயில் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் ஏணியைப் போட்டார். கம்பத்துப் பெட்டியில் மைனஸ் 19 டிபிஎம் (வெளிச்சத்தின் அளவு). வீட்டுச் சுவரில் மைனஸ் 29.

இந்த எண்ணைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. 3 குறைந்தால் வெளிச்சம் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. வீட்டு மோடங்கள் சாதாரணமாக மைனஸ் 27 பக்கம் வரைதான் தாங்கும். என் வீட்டு வாசலுக்கும் கம்பத்துக்கும் நடுவில், ஒரு கல்லெறி தூரத்தில், பத்தில் ஒன்பது பங்கு வெளிச்சம் காணாமல் போயிருந்தது. ஜன்னல் சட்டத்தைப் பார்த்ததும் அவரே "பெங்கோக் சங்காட்", ரொம்ப வளைந்திருக்கிறது என்றார். பைபர் உள்ளே கண்ணாடி, செங்குத்தாக மடக்கினால் வெளிச்சம் வளைவில் வெளியே கசிந்துவிடும். அதற்குமேல் சூட்டில் தகரம் விரிந்து கேபிளை இன்னும் நெரித்திருக்கிறது. இருட்டினால் லைன் தானாக வந்ததற்குக் காரணமும் அதுதான். புதுக் கேபிளைத் தகரத்தைத் தொடாமல் இழுத்து, அகலமாக வளைத்து, முனையைப் புதிதாகப் போட்டார். சுவரில் மைனஸ் 20. அன்றிலிருந்து சிவப்பு விளக்கு வரவில்லை.

விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் வேகம் மட்டும் இல்லையென்றால் அது வேறு நோய். லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு மாட்டிப் பாருங்கள். அதில் வேகம் வந்தால் குறை வைஃபையில். அப்போது மெஷ் வாங்குவதைப் பற்றிப் பேசலாம், அதற்கு முன்னால் மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். மோடத்தின் இரண்டு வைஃபை அலைவரிசைகளில், வேகத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ், பின்கட்டுவரை எட்ட 2.4.

இடி இடித்தால் சிலர் பைபரைப் பிடுங்குகிறார்கள். கண்ணாடியில் கரண்ட் ஓடாது, அதைத் தொடாதீர்கள். மோடத்தில் செருகும் கேபிளின் பச்சை முனையில் தூசி ஒட்டினால் புது வம்பு, அதைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பதும் ஆபத்து. பிடுங்கவேண்டியது அடாப்டரை. எங்கள் தெருவில் கருகிய மோடங்கள் எல்லாம் கரண்ட் பக்கமிருந்து கருகியவைதான்.

"சிம் போட்ட மோடம் போதாதா" என்று யாராவது கேட்பீர்கள். டவர் பக்கத்தில் இருந்தால் போதும். செம்பனைக்கும் குன்றுக்கும் பின்னால் இருப்பவன், ஊரே கைப்பேசியில் இருக்கும் ராத்திரி எட்டு மணிக்கு அதை நம்பி உட்காரமுடியாது.

நீங்கள் செய்யவேண்டியது, விளக்கு மின்னும்போது தேதி, மணி தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். ரிப்போர்ட் நம்பரை எழுதி வையுங்கள். கம்பத்திலும் சுவரிலும் ரீடிங் கேளுங்கள். ஆள் வராமலே புகாரை மூடினால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு 1800-188-030-ல் கூப்பிடலாம், ஆனால் முதலில் கம்பெனியிடம் புகார் செய்த நம்பரைக் கேட்பார்கள். டெக்னீஷியன் கிளம்புவதற்குள் மீட்டரில் தெரியும் புது ரீடிங்கை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வருகிறவர் வேறு ஆளாகத்தான் இருப்பார்.