வெட்ட வெட்டத் தழைக்கிறது, அரிவாளும் மழுங்குகிறது

கேள்வி: தாமிரபரணிக் கரையில் நாங்கள் பதினைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சீமைக் கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வெட்டுகிறோம். இரண்டே மாதத்தில் முன்பைவிட அடர்த்தியாக வந்துவிடுகிறது. அரிவாள்கள் ஒரே நாளில் மழுங்குகின்றன, மண்வெட்டிகள் கழன்று விழுகின்றன. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. தரையை ஒட்டி அரிவாளை வீசுகிறீர்கள். அதன் வாய் மணலிலும் கல்லிலும் பட்டு மழுங்குகிறது. செடிக்கோ அது கவாத்து செய்துவிட்டது போல ஆகிறது.

சீமைக் கருவேலத்துக்கு உயிர்நிலை, தண்டும் வேரும் சேரும் கழுத்து. மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் அந்த இடத்தில் உறங்கும் மொட்டுகள் உண்டு. அதற்கு மேலே எங்கே வெட்டினாலும் ஒன்றுக்குப் பத்தாகக் கிளைக்கும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு தென்மாவட்டங்களில் பொக்லைன் வைத்தெல்லாம் இதை அகற்றினார்கள். கழுத்து உள்ளேயே நின்ற இடங்களில் மறுபடி தழைக்கத்தான் செய்யும். எனவே மரத்தைச் சுற்றி ஓர் அடி ஆழம் தோண்டி, கழுத்துக்குக் கீழே வேரைக் கோடாலியால் துண்டித்து, அடிக்கட்டையை வெளியே எடுங்கள். இளங்கன்றுகளை மழை பெய்த மறுநாள் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஆக, உங்களுக்கு அரிவாளைவிடக் கடப்பாரையும் மண்வெட்டியும்தான் அதிகம் தேவை.

கரைச் சரிவில் மட்டும் தோண்டாதீர்கள், மண் இளகி அடுத்த வெள்ளத்தில் கரையே போய்விடும். அங்கே மரத்தை வெட்டிவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை துளிர்களை ஒடித்துக்கொண்டே இருங்கள். கூடவே நாணல், நொச்சி, வெட்டிவேர் நடுங்கள். வேர் பறிக்கும் வேலையைப் பிப்ரவரி முதல் மே வரை, தண்ணீர் குறைந்திருக்கும் காலத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கரை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருந்தால், முதலில் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

காட்டாமணக்கின் கதை வேறு. பெயர்தான் நெய்வேலி, பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. இது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனம். வள்ளிக்கொடியை வெட்டி நட்டால் வேர் பிடிக்கிறதல்லவா, இதுவும் அப்படியே. வெட்டிய தண்டை ஈரக்கரையில் விட்டாலே போதும், ஆற்றில் போட்டால் கீழூர்க்காரர்களுக்கும் பரப்பிய புண்ணியம் சேரும். வேரோடு பிடுங்கி, கரைக்கு மேலே வறண்ட கல்தரையில் சருகாகும்வரை காயவிடுங்கள். அந்தப் பக்கம் ஆடுகள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து தின்றால் நரம்பு பாதிக்கும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். மண்வெட்டி கழன்றால் நம் ஊரில் உடனே தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் ஊதி இறுகும், காய்ந்ததும் முன்பைவிடத் தளரும். பதினைந்து பேர் நெருக்கமாக நிற்கும் இடத்தில் இது ஆபத்து. பழைய ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த கட்டையில் புது ஆப்பு செதுக்கி இறுக்குங்கள். பிடியில் விரிசல் இருந்தால் கயிறு சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அரிவாளுக்கும் கோடாலிக்கும் ஒரு தட்டை அரம் போதும். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரத்தின் பல்தான் போகும். அப்புறம் சாணைக்கல்லில் நாலு இழுப்பு. மின்சாரச் சாணையில் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள்: வாய் நீலம் பாரித்துவிட்டால் இரும்பு பதம் இழந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கொல்லர் பட்டறையில் காய்ச்சி அடித்துத்தான் மீட்க வேண்டும். பல் வைத்த கதிர் அரிவாளைக் கல்லில் தேய்க்கவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் மண்ணையும் காட்டாமணக்குப் பாலையும் துடைத்துக் காயவைத்து, தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுங்கள். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், அடுத்த வாரம் அது ஆற்றில்தான் கரையும். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ இல்லாதவரைக் கரையில் இறக்காதீர்கள், அவருக்கு அரம் பிடிக்கும் வேலையைக் கொடுத்துவிடலாம்.