முதுகில் கை எட்டாத இடத்தில் ஓயாத குறுகுறுப்பு

கேள்வி: எனக்கு வயது 47. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். எட்டு மாதமாக இடது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில், உள்ளங்கை அளவு இடத்தில், எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கிறது. சில நேரம் ஊசி குத்தியதுபோல் சுருக்கென்கிறது, சில நேரம் மதமதவென்று இருக்கிறது. இரவில் படுத்தால் அதிகம். சீப்பால் சொறிந்து சொறிந்து அந்த இடம் கறுத்துவிட்டது. ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஒருவர் வாயு என்றார், இன்னொருவர் மனப்பிரமை என்றார். பத்து நரம்பு ஊசி போட்டும் மாற்றமில்லை. இது பக்கவாதத்தின் ஆரம்பமா? எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா?

பதில்: பக்கவாதம் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். பக்கவாதம் மூளையில் நடப்பது. திடீரென்று வரும், முகம், கை, கால் என்று உடலின் ஒரு பக்கத்தைப் பிடிக்கும், பேச்சைக் குழற வைக்கும். எட்டு மாதம் ஒரே இடத்தில் குடியிருந்துகொண்டு குறுகுறுப்பது அதன் குணமல்ல.

மனப்பிரமையும் அல்ல. மனக்கலக்கத்தில் மூச்சு வேகமாக வாங்கும்போது உடலில் குறுகுறுப்பு வருவது உண்மைதான். ஆனால் அது விரல் நுனிகளிலும் வாயைச் சுற்றியும் வரும். மூச்சு சீரானதும் போய்விடும். நீங்களோ நிலத்துக்கு எல்லைக்கல் நடுவதுபோல் இடத்தைக் குறித்துச் சொல்கிறீர்கள். வாயுவைப் பற்றி நான் என்ன சொல்ல? நம் ஊரில் பெயர் தெரியாத வலிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் பொதுப்பெயர்.

"ஒன்றும் இல்லை" என்பதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். ஈ.சி.ஜி. இதயத்தைப் பார்த்தது. எக்ஸ்ரே நுரையீரலையும் எலும்பையும் பார்த்தது. இரத்தப் பரிசோதனை சர்க்கரையைப் பார்த்தது. அங்கெல்லாம் கோளாறு இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் தோலுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நூலிழை நரம்பை இந்த மூன்றில் எதுவும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கப் பெரிய இயந்திரமும் தேவையில்லை. சட்டையை விலக்கிப் பஞ்சால் தொட்டுப் பார்க்கும் ஒரு மருத்துவர் போதும்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனாலும் நீங்கள் சொல்லும் இடம், குறுகுறுப்போடு கலந்த அரிப்பு, கறுத்த தோல், உங்கள் வயது எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாகவே கைகாட்டுகின்றன. அதற்கு நோடால்ஜியா பரஸ்தெடிகா என்று பெயர். 1934-இல் அஸ்த்வத்சாதூரோவ் என்ற ரஷ்ய நரம்பியல் மருத்துவர் முதலில் விவரித்தது. பெயர்தான் பயமுறுத்தும், பொருள் "முதுகில் வலியும் குறுகுறுப்பும்" என்பதுதான். நடுவயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அரிதான நோயும் அல்ல. ஆபத்தில்லை என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை, அவ்வளவே.

முதுகெலும்பின் மார்புப் பகுதியில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் வெளியே வரும் நரம்பு இரண்டாகப் பிரிகிறது. முன்கிளை விலா எலும்பை ஒட்டி மார்புப் பக்கம் போய்விடும். பின்கிளை முதுகுத் தசைகளுக்குள் புகுந்து தோலுக்கு வரும். மார்புப் பகுதியின் இரண்டாவது கணுவிலிருந்து ஆறாவது கணு வரை இந்தப் பின்கிளைகள், முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசையைக் கிட்டத்தட்டச் செங்கோணமாகத் திரும்பித் துளைத்துக்கொண்டு வருகின்றன. மடங்கிய ரப்பர் குழாயில் தண்ணீர் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திருப்பத்தில், தசை இறுகும்போது நரம்பு நசுங்கி எரிச்சலடைகிறது என்று கருதப்படுகிறது. நசுங்கிய நரம்பு தன் முனையில் உள்ள தோலிலிருந்து பொய்ச் செய்தி அனுப்பும். தோலில் எறும்பு இல்லை. ஆனால் எறும்பு ஊர்கிறது என்று மூளைக்குத் தகவல் போகிறது. சீப்பால் எவ்வளவு சொறிந்தாலும் நிம்மதி நிலைக்காததற்குக் காரணம் இதுதான். குறை தோலில் இல்லை, இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி இருக்கிறது.

இரவில் அதிகமாவது ஏன்? பகலில் மெஷின் சத்தமும் கணக்கும் கவனத்தை இழுத்துக்கொள்கின்றன. படுத்ததும் மூளைக்கு வேறு வேலை இல்லை.

கறுத்த தோல் வேறு கதை. அது நோய் அல்ல, சொறிந்ததன் தழும்பு. விடாமல் தேய்க்கும்போது தோலின் மேல்செல்கள் சிதைந்து, அவற்றின் புரதம் அடியில் படிந்து, மணலில் காற்று போட்ட வரிபோல் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். தோல் மருத்துவர் இதை அமிலாய்ட் படிவு என்று எழுதித் தரலாம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கூகுளில் தேடாதீர்கள்; சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும் வேறொரு அமிலாய்ட் நோய் முதலில் வந்து நிற்கும். இரண்டுக்கும் தொடர்பில்லை. குளிக்கும்போது நைலான் நாரால் முதுகைத் தேய்க்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நம் நாட்டில் முதுகில் இப்படிக் கறுப்புப் படிவதற்கு அந்த நாருக்கும் பெரிய பங்கு உண்டு.

கழுத்தையும் ஒருமுறை சந்தேகிக்க வேண்டும், காரணம் உங்கள் வேலை. தலையின் எடை நான்கைந்து கிலோ. அதை முன்னால் தொங்கவிட்டபடி ஷிஃப்ட் முழுக்க ஊசியையே பார்த்திருந்தால், கழுத்தின் கீழ்க் கணுக்களில் நரம்பு வேர் அழுந்தலாம். அந்த வலி கழுத்தில் தெரியாமல் தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில் தெரிவது மிகச் சாதாரணம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மெதுவாக அண்ணாந்து, இடது பக்கம் முகத்தைத் திருப்புங்கள். முதுகுக் குறுகுறுப்பு கூடுகிறதா? கையில் இறங்குகிறதா? பிறகு இடது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து ஒரு நிமிடம் இருங்கள். சுகமாக இருக்கிறதா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் கழுத்து நரம்பைப் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். எந்த மாற்றமும் இல்லை என்றால் நான் முதலில் சொன்னதற்கே வாய்ப்பு அதிகம்.

எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், 2015-இல் வெளியான அந்த ஆய்வில் கிட்டத்தட்ட 88 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. 47 வயதில் உங்களுக்கு எடுத்தாலும் ஏதோ ஒரு பிதுக்கம் தெரியத்தான் போகிறது. அதற்கும் இந்தக் குறுகுறுப்புக்கும் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம். ஆனால் அறிக்கையில் அந்த வரியைப் படித்த பிறகு உங்களால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

நரம்பு ஊசி, அதாவது பி12 வைட்டமின் ஊசி பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பி12 குறைபாடு நரம்பைக் கெடுக்கும் என்பது சரி. அசைவமும் முட்டையும் தொடாதவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவர்கள் இரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் குறைபாடு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் சமமாகத் தொடங்கும்; முதுகில் ஒரு பக்கம், ஓர் உள்ளங்கை அளவில் உட்காராது. அளவு பார்க்காமல் பத்து ஊசி போட்டவரிடம் காரணம் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று: நரம்புச் சத்து என்று விற்கப்படும் கலவைகளில் இருக்கும் பி6 வைட்டமினை அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் குறுகுறுப்பை உண்டாக்கும்.

சரி, என்ன செய்வது? சீப்பை ஒளித்து வையுங்கள். அரிப்பு கிளம்பும்போது, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ச்சி, அரிப்புச் செய்தியை முந்திக்கொண்டு மூளைக்குப் போகும். தைலம் தடவுபவர்கள் இருக்கிறார்கள். மெந்தால் சிலருக்கு உதவும், கீறல் விழுந்த தோலில் வேண்டாம்.

மருத்துவர் எழுதித் தரக்கூடிய களிம்புகளில் முக்கியமானது கேப்சைசின், அதாவது மிளகாயின் காரச் சத்து. முதல் வாரம் எரியும். பலரும் அங்கேயே பயந்து விட்டுவிடுகிறார்கள். ஒரு நாளில் பல முறை, சில வாரங்கள் விடாமல் தடவினால்தான் நரம்பு முனை களைத்துப்போய் பொய்ச் செய்தி அனுப்புவதை நிறுத்தும். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். நிறுத்தினால் குறுகுறுப்பு திரும்பி வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் களிம்பு அல்லது ஒட்டுப்பட்டை இன்னொரு வழி. தூக்கமே கெட்டால் காபாபென்டின் வகை மாத்திரையைக் குறைந்த அளவில் தருவார்கள். அது மயக்கம் தரும் மருந்து. விரலுக்கு ஓர் அங்குலத்தில் ஊசி ஓடும் மெஷினில் வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு களிம்பைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். குறை நரம்பில் இருக்கும்போது அது தோலை மெலிய வைப்பதுதான் மிச்சம்.

மருந்தைவிட எனக்கு நம்பிக்கை உடற்பயிற்சியில். தைப்பவர்களுக்கு மார்புத் தசை குறுகி, தோள் முன்னால் மடங்கி, முதுகுத் தசை இழுபட்டு இறுகிக் கிடக்கும். வாசற்படியில் நின்று இரண்டு முழங்கைகளையும் தோள் உயரத்தில் நிலையின் இருபுறமும் ஊன்றி, மார்பு விரியும்படி ஓர் அடி முன்னால் சாயுங்கள். முப்பது நொடி, மூன்று முறை. அடுத்து, உட்கார்ந்தபடியே இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் நடுவில் ஒரு பென்சிலைப் பிடிப்பதுபோல் பின்னால் நெருக்கி, ஐந்து நொடி வைத்து விடுங்கள், பத்து முறை. டீ வேளையில் நாற்காலியின் முதுகுப்பலகை மேல் சாய்ந்து, பின்தலையைக் கையால் தாங்கி, மேல்முதுகை மட்டும் பின்னால் வளையுங்கள். ஆறு வாரமாவது பாருங்கள். நாற்காலி தாழ்ந்திருந்தால் ஒரு பலகையோ கெட்டியான மெத்தையோ போட்டு உயர்த்துங்கள்; முழங்கை மேஜை மட்டத்துக்கு வந்தால் தோள் தூக்கிக்கொள்ளாது. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவரிடம் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்று எனக்குத் தெரியும். நூல்கண்டு மாற்றும்போதோ கட்டு எடுக்க எழும்போதோ தோளை ஒருமுறை பின்னால் சுழற்றினால்கூடப் போதும்.

இதே இடத்தில் குறுகுறுப்போடு இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில எச்சரிக்கைகள். நேற்றோ முந்தாநாளோ தொடங்கி, முதுகெலும்பிலிருந்து விலாவைச் சுற்றி ஒரு பட்டைபோல் எரிகிறது என்றால் அக்கியாக இருக்கலாம். கொப்புளம் சில நாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். காவி எழுதுவது உங்கள் வழக்கமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெளுத்த அல்லது சிவந்த தேமலில் அரிப்பே இல்லாமல், பஞ்சால் தொட்டாலும் தெரியவில்லை என்றால் தொழுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் கூட்டு மருந்தும் இலவசம். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் முழுவதுமாகக் குணமாகிறது.

குனிந்து தாடை மார்பைத் தொடும்போது முதுகு நெடுக மின்சாரம் ஓடுவதுபோல் இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ தண்டுவடத்தில் அழுத்தம் இருக்கலாம். அப்போது எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும், தாமதிக்காமல். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, நடு முதுகு எலும்பில் தட்டினால் வலி என்றால் முதுகெலும்புக் காசநோயைத் தேட வேண்டும். திடீரென்று தோள்பட்டைகளுக்கு நடுவே கடும் வலி வந்து வியர்த்து மூச்சு வாங்கினால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆகவே அவசரமில்லாமல் ஒரு நரம்பியல் மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பாருங்கள். போவதற்கு முன்னால், குறுகுறுப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தில், வீட்டில் யாரையாவது விட்டு அந்த எல்லையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடச் சொல்லுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஈ.சி.ஜி.யை நீட்டுவதற்கு முன் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.